சூடு பார்க்கிற அண்ணாச்சி

எங்கள் வீட்டுக்கு வந்தால் அண்ணாச்சி முதலில் சுவிட்ச் போர்டைத்தான் நலம் விசாரிப்பார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நான் "வாங்க அண்ணாச்சி" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருடைய வலது புறங்கை போர்டின் மேல் இருக்கும். அடுத்து ஃப்ரிட்ஜ் பிளக். அடுத்து டிவிக்குப் பின்னால் தொங்கும் வயர். இத்தனையும் முடிந்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "நல்லா இருக்கியாம்மா?" என்பார். பிளக்கெல்லாம் நல்லா இருக்கிறது, இனி உனக்கென்ன கேடு என்கிற தொனி அதில் இருக்கும்.

உள்ளங்கையால் தொடமாட்டார். கரண்ட் அடித்தால் உள்ளங்கை அப்படியே பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறி விலகிவிடும் என்பார். அது சரிதான். ஆனால் பழகிப்போய் எல்லாவற்றையும் புறங்கையால்தான் தொட்டார். காபி டம்ளர், பஸ் சீட்டு, கோயிலில் நீட்டிய ஆரத்தித் தட்டின் விளிம்பு, காய்ச்சல் இல்லாத பிள்ளைகளின் நெற்றி. தொட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அவர் கண்ணைத் திறந்து "ஒண்ணுமில்ல" என்று சொன்ன பிறகுதான் நாம் மூச்சு விடுவோம்.

ஆளைப் பார்த்தால் இப்படிப்பட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நிலைப்படியில் குனிந்து வருகிற உயரம், முறுக்கிவிட்ட மீசை. ராஜபாளையத்தில் பேன்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் ஒன்றுக்கு முதலாளி. அவர் கூடத்துக்குள் கால் வைத்தால் வேலையாட்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்று ஊரில் பேர். அது மரியாதையால் அல்ல. அடுத்து எந்த மோட்டாரைத் தொட்டுவிட்டு மெயினை அணைக்கப் போகிறாரோ என்ற கவலையால்.

எனக்கு அவர் பழக்கமானது ஹாம் ரேடியோவால். பரீட்சை எழுதி அரசாங்க லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, வீட்டில் இருந்தபடி சொந்த செட்டில் இன்னொரு ஹாமோடு பேசுவது. இதில் காசு கிடையாது, பேரும் கிடையாது. கையில் செல்போன் இருக்கும்போது இந்தக் கூத்து எதற்கு என்று கேட்காத ஆள் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில் இல்லை. தபால் ஆபீஸ் கவுண்டரில் நாள் முழுக்க ஊரார் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து, ராத்திரியும் பேசத்தான் வேண்டுமா என்று என் அம்மா கேட்டாள். தம்பிக்குத்தான் முதலில் அந்தப் பைத்தியம் பிடித்தது. துணைக்குப் பரீட்சை எழுதப் போனவள் நான். நான் பாஸானேன், அவன் இரண்டாம் தடவை பாஸானான். அதை நான் அவனிடம் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் இருந்ததில்லை.

எங்கள் பக்கத்து ஹாம்கள் பேசியது எண்பது மீட்டர் பேண்டில். கீழ் அலைவரிசை. எங்களுக்கு அதுதான் தோது. மேற்கே மலை மறைக்கிறது. வாக்கி டாக்கி அலை மலையில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். எண்பது மீட்டர் அலை நேரே மேலே ஏறி, வானத்தில் பட்டு, மழை மாதிரிப் பரவலாக இறங்கும். மலைக்கு அந்தப் பக்கமும் நனையும், இந்தப் பக்கமும் நனையும்.

காலையில் எல்லோரும் அந்த பேண்டில் கூடுவோம். மற்றவர்கள் "குரல் எப்படிக் கேக்குது?" என்று கேட்பார்கள். அண்ணாச்சி ஒருவர்தான் "உங்க வளையம் எப்படி இருக்கு, தொட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்பார். எனக்கு முதலில் அது என்னவோ போல் இருந்தது. யாருடைய வளையத்தை யார் தொடுவது?

வளையம் என்றால் இதுதான். செட்டுக்கும் மொட்டை மாடியில் கட்டியிருக்கும் ஆன்டெனா கம்பிக்கும் நேராக ஒத்துப்போகாது. நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டும். சின்னப் பிள்ளை வளையல் அளவில் தடியான ஒரு வளையம், அதன் மேல் சில சுற்றுச் செம்புக் கம்பி. அவ்வளவுதான் டிரான்ஸ்பார்மர். கம்பியை யாரும் சுற்றலாம். வளையம் எதனால் ஆனது என்பதில்தான் சூட்சுமம். இரும்புத்தூளை அமுக்கிச் செய்து பெயின்ட் அடித்த வளையங்கள் அழகாக இருக்கும், மேல் அலைவரிசைகளில் சொன்னபடி கேட்கும். கீழே இறங்க இறங்க அவற்றின் காந்தப் பிடி போதாது. கொடுத்த சக்தியை வானத்துக்கு அனுப்பாமல் தானே தின்று சூடாகும். எண்பது மீட்டருக்குச் சாம்பல் நிற ஃபெரைட் வளையம்தான் சரி. அதிலும் ஒரு சங்கடம். ஃபெரைட்டில் ஏகப்பட்ட ரகம். எண்பது மீட்டருக்கு ஏற்றது, இரைச்சலை அடக்குவதற்கென்றே செய்தது, வேறு எதற்கோ செய்தது என்று எல்லாமே ஒரே சாம்பல் நிறம். மேலே எதுவும் எழுதியிருக்காது. மதுரையில் பழைய சாமான் கடையில் கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு வருகிறவனுக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்?

அண்ணாச்சி எந்த வளையத்தையும் பார்த்து நம்பியதில்லை. முதலில் தன் தறியில் நெய்த பேன்டேஜ் துணியை நாடாவாகக் கிழித்து அதன் மேல் சுற்றுவார். வளையத்தின் முனை கம்பியின் பூச்சைச் சுரண்டிவிடக் கூடாதாம். அவர் மேஜை மேல் வரிசையாக இருக்கும் வளையங்களைப் பார்த்தால் கை கால் முறிந்தவர்களின் வார்டு மாதிரி இருக்கும். பிறகு சில சுற்றுக் கம்பி சுற்றி மீட்டரில் அளப்பார். அளவு சரியாக வந்தாலும் விடமாட்டார். செட்டோடு இணைத்து, ஒரு காபி குடிக்கிற நேரம் சக்தியை ஏற்றுவார். நிறுத்திவிட்டுப் புறங்கையை வைப்பார். அவரிடம் மூன்றே தீர்ப்புகள்தான். பச்சைத் தண்ணி, வெதுவெது, அடுப்பு. பச்சைத் தண்ணி என்றால் யாருக்கும் கொடுக்கலாம். வெதுவெது என்றால் குறைவாகப் பேசுகிறவர்களுக்கு. எனக்கு அந்த ரகத்தை அவர் கொடுத்ததே இல்லை.

அடுப்பு என்று தீர்ப்பான வளையத்தை அவர் வீட்டுப் பின்பக்கம் கொண்டுபோய்ச் சுத்தியலால் உடைத்துவிடுவார். ஒரு நாள் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலைந்து நல்ல தடியான வளையங்கள். எனக்கு மனசு பொறுக்கவில்லை.

"எதுக்கு அண்ணாச்சி உடைக்கிறீக? வேற எதுக்காவது ஆகும்ல?"

"ஆகும்மா. அதான் பயமே. நல்லதுக்கும் இதுக்கும் பாத்தா வித்தியாசம் தெரியாது. நான் பரண்ல போட்டு வைப்பேன். நாளைக்கு எவனாவது எடுத்துச் சுத்திருவான்."

"உங்க வீட்டுப் பரண்ல எவன் வந்து ஏறப் போறான்?"

"நானே ஏறுவேன்ல. மறந்துபோய்."

சொல்லிவிட்டு அடுத்த வளையத்தில் சுத்தியலைப் போட்டார். அவர் மற்றவர்களைவிடத் தன்னைத்தான் அதிகம் சந்தேகப்பட்டார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அவருடைய பயம் எப்போதும் சரியாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பத்துக்கு ஒன்பது தடவை வீண்தான். என் பெரியம்மா மகள் கல்யாணத்தில் நடந்ததை எங்கள் சொந்தக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபம் ஒன்றில் கல்யாணம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம், மண்டபமே இருட்டாகிவிட்டது. ஃபேன் நின்றது, வீடியோக்காரர் விளக்கு அணைந்தது. பெரியம்மா சகுனம் என்று நெஞ்சில் கை வைத்துவிட்டாள். என்னவென்று பார்த்தால் அண்ணாச்சி மெயின் சுவிட்ச் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"சீரியல் லைட் பிளக் வெதுவெதுன்னு இருந்துச்சும்மா" என்றார் என்னிடம் மெதுவாக.

அந்த பிளக் மேற்கு ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. முகூர்த்தம் காலையில்தான், ஆனால் பக்கத்துக் கட்டடத்தின் கண்ணாடியில் பட்ட வெயில் சரியாக அதன் மேல் அடித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கண்டபடி பேசினார்கள். அண்ணாச்சி அத்தனை பேரிடமும் தனித்தனியாகப் போய்க் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு வந்து திரும்பவும் அந்த பிளக்கைத் தொட்டுப் பார்த்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஏன் இப்படி என்று அவர் மனைவியிடம் கேட்டிருக்கிறேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அந்த அம்மா அண்ணாச்சியை "ஏமண்டி", அதாவது "என்னங்க" என்று கூப்பிட்டால் கூப்பிட்ட வேகத்திலேயே அன்றைக்கு அவர் எத்தனை தொந்தரவு கொடுத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். தறிக்கூடம் ஆரம்பித்த புதிதில் ஒரு பிளக் சூடாகிப் பஞ்சுத் தூசியில் தீப்பிடித்ததாம். ஒரு பெண்ணுக்குக் கை வெந்துபோனதாம்.

"அதுக்குப் பொறவுதான் இப்படி ஆயிட்டாவளா?" என்று கேட்டேன்.

"அதுக்கு முன்னாடியும் இப்படித்தாம்மா. கல்யாணத்தன்னைக்கு ஹோமத் தீயைப் பாத்து ஐயரை ரெண்டு தடவ தள்ளி உக்காரச் சொன்னாரு" என்றார்.

அவருடைய டிரான்ஸ்பார்மர் பெட்டி மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் ஓரமாக இருந்தது. ஒவ்வொரு பேச்சு முடிந்ததும் அவர் மாடி ஏறிப் பெட்டியைத் திறந்து வளையத்தைத் தொட்டுவிட்டு வருவார். ரேடியோவில் நாங்கள் காத்திருப்போம். "இரும்மா, மாடிக்குப் போயிட்டு வாரேன்" என்பார். அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு படியேறி இறங்கி, மூச்சு வாங்க மைக்கை எடுத்து, "பச்சைத் தண்ணி" என்பார். நாங்கள் சிரிப்போம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பேன். எனக்குப் பயம் என்ற ஒன்று கிடையாது என்று வீட்டிலும் ஆபீஸிலும் பேர் வாங்கியிருந்தேன். என் முகவாகு அப்படி. உள்ளே என்ன நடந்தாலும் வெளியே நக்கலாகத்தான் தெரியும்.

அவர் இப்போது இல்லை. சாதாரணமாக, தூக்கத்தில் போனார். அவரை எரித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. சூட்டுக்கு அப்படிப் பயந்த மனுஷன்.

அந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. என் தம்பியும் அவன் மனைவியும் அவளுடைய வீட்டு ஆட்களுமாக மேற்கே மலையில் அய்யனார் கோவிலுக்கு மேலே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவர்கள் சாமிக்குப் பொங்கல் வைக்கப் போனார்கள். கைக்குழந்தை உட்பட ஒரு வேன் நிறைய ஆட்கள். அங்கே செல்போன் எடுக்காது. அதனால் தம்பி சின்ன செட்டையும் பேட்டரியையும் ஆன்டெனா கம்பியையும் எடுத்துக்கொண்டான். அண்ணாச்சி தன் கட்டுப்போட்ட வளையம் ஒன்றைக் கொடுத்துவிட்டிருந்தார். அதை அவன் வீட்டிலேயே வைத்துவிட்டான். பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளையைப் பிரித்தபோது அவனுக்கு ஒரு வளையம் கிடைத்திருந்தது. பெயின்ட் அடித்த இரும்புத்தூள் வளையம், நல்ல மஞ்சள், ஒரு பக்கம் மட்டும் வெள்ளை. கடையில் விற்கிற ஹாம் வளையங்களிலும் மஞ்சள் உண்டு. மஞ்சள் மஞ்சள்தானே என்று சுற்றிவிட்டான். மாடியில் இரண்டு நிமிஷம் பேசிப் பார்த்தான், வேலை செய்தது. அண்ணாச்சி வந்து பார்க்கட்டும் என்று நான் சொன்னதற்கு, "அவிய வந்தா வளையத்துக்கு ஜொரம் பாத்து, கஷாயம் வச்சுக் கொடுத்துட்டுத்தான் போவாவ. எனக்கு நேரமில்லக்கா" என்றான்.

முந்தின நாள் காற்றில் என் ஆன்டெனா அறுந்திருந்தது. அதனால் தம்பியோடு பேச ராஜபாளையத்தில் அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மதியம் அவன் குரல் சுத்தமாக வந்தது. பொங்கல் பொங்கிவிட்டது என்றான்.

"வளையத்தைத் தொட்டுப் பாத்தியா தம்பி?" என்றார் அண்ணாச்சி.

"பச்சைத் தண்ணி அண்ணாச்சி" என்றான். தொட்டிருக்கமாட்டான் என்று அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்தது.

பிறகு மலையில் மழை பிடித்தது. அடுத்த தடவை அவன் கூப்பிட்டபோது ஆறு நிறைந்து போகிறது, கடக்க முடியவில்லை என்றான். யார் யார் இருக்கிறார்கள், குழந்தைக்குப் பால் இருக்கிறதா, வேன் எங்கே நிற்கிறது என்று நீளமாகப் பேசினான். பேசப் பேச அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பேட்டரி போகிறது என்று நான் நினைத்தேன். அண்ணாச்சி செட்டுப் பக்கம் குனிந்து கேட்டார்.

"பேட்டரி இல்லம்மா. வளையம் கொதிக்குது" என்று என்னிடம் சொல்லிவிட்டு மைக்கை எடுத்தார். "தம்பி, பேசாத. நிறுத்து. ஆற விடு. நான் பேசுறதைக் கேக்க மட்டும் செய்."

அவன் நிறுத்தினானோ என்னவோ. வெகு நேரம் கழித்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல் வந்தது. "தண்ணி கொறைஞ்சிருச்சு. கயித்தைக் கட்டிட்டோம். இருட்டுறதுக்குள்ள எறங்கிரலாம்னு…" அத்தோடு வெறும் இரைச்சல்.

அடுத்து போன் அடித்தது. மலையடிவாரத்துச் செக்போஸ்ட்டில் இருந்த வனக்காவலர். அண்ணாச்சிக்குத் தெரிந்தவர். ஆட்கள் அக்கரையில் மாட்டிக்கொண்டதை அவருக்கு முன்பே போனில் சொல்லியிருந்தோம். மேலே பேய் மழை கொட்டுகிறது, மேல் ஓடைகள் திரண்டு வருகின்றன, ஆறு இப்போது வடிந்திருப்பதை நம்பி யாரையும் இறங்கவிடாதீர்கள் என்றார். தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டது, ஆனால் வந்துசேர நேரமாகும் என்றார்.

அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். "இறங்காத தம்பி. தண்ணி வருது. இறங்காத." ஒரு மூச்சு. திரும்பவும் "இறங்காத தம்பி. தண்ணி வருது." பதிலுக்காக அவர் நிறுத்தவே இல்லை. அவர் செட் நூறு வாட் செட். வளையமும் நல்ல வளையம்தான். ஆனால் பேசி, நிறுத்தி, கேட்டு, திரும்பப் பேசுகிற ஆளுக்காக எடுத்த வளையம். விடாமல் ஏற்றினால் எந்த ஃபெரைட்டும் சூடாகும். ஓர் அளவைத் தாண்டினால் அதன் காந்தப் பிடி ஒரேயடியாக விட்டுப்போகும். பிறகு போகிற சக்தி போன வழியே திரும்பி வந்து செட்டையே எரித்துவிடும். இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

"கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன்.

"அவன் செட்டு பக்கத்துல இல்லம்மா. கயிறு கட்டுன எடத்துல நிப்பான். எப்பவாவது ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் வருவான். நாம விடுற இடைவெளியில அவன் வந்துட்டுப் போயிட்டா?"

செட்டின் மேல் இருந்த மீட்டரில், திரும்பி வருகிற சக்தியைக் காட்டும் முள் மெல்ல ஏற ஆரம்பித்தது. அவரும் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மீட்டரின் மேல் போட்டு மூடினார்.

"மாடிக்குப் போகலையா?" என்று கேட்டேன்.

"போகமாட்டேன். தொட்டா நிறுத்திருவேன்ம்மா."

அவர் குரல் நடுங்கியது. நெற்றி வேர்வை மீசையில் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே மலை இருந்த இடத்தில் மலையைக் காணோம், கறுப்பாக மேகம்தான் இருந்தது. தம்பி தன் கல்யாணத்துக்குக் கட்டிய வேட்டியின் கரை நிறம் என்ன என்று என் மனசு பாட்டுக்குத் தேடிக்கொண்டிருந்தது. அது கிடைக்கவில்லை என்பதே பெரிய அபசகுனமாகப் பட்டது.

"தொண்டை கட்டுது உங்களுக்கு. மைக்கைக் கொடுங்க, நான் செத்த நேரம் சொல்றேன்" என்றேன்.

மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உனக்குக் குரல் நடுங்கல. நீ சொன்னா அவன் கேலின்னு நெனைச்சிருவான்."

திரும்பவும் ஆரம்பித்தார். இறங்காத தம்பி. தண்ணி வருது. கடைசியில் வார்த்தைகள் தேய்ந்து, அழுகையா பேச்சா என்று தெரியாத ஒரு சத்தம்தான் வந்தது. எரிந்த வாடை வந்தது. செட்டின் விளக்கு ஒரு தடவை மங்கி, பளிச்சென்று எரிந்து, அணைந்தது. அவர் அதன் பிறகும் மைக் பொத்தானை அமுக்கியபடி இரண்டு தடவை சொன்னார். அவர் மனைவி வந்து கையைப் பிடித்து மைக்கை வாங்கி வைத்தார்.

மாடிக்கு நான்தான் போனேன். பெட்டிக்குள் வளையம் துண்டு துண்டாகக் கிடந்தது. கட்டுத் துணி கருகியிருந்தது.

அந்த ராத்திரியை நான் எழுதமாட்டேன்.

மறுநாள் காலையில் தீயணைப்பு ஆட்கள் எல்லோரையும் இந்தக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். தம்பி போன் செய்தான். அவன் "அக்கா" என்றதும் நான் அவனைத் திட்ட ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. திட்டி முடித்ததும் அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

நான் நேரே அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் பேன்டேஜ் துணியைச் சுற்றிக்கொண்டு. குரல் சுத்தமாகப் போயிருந்தது. எல்லோரும் வந்துவிட்ட செய்தி அவருக்கு ஏற்கெனவே கிடைத்திருந்தது. அவர் மனைவி எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். அவரிடம் பொய் சொல்ல வரவில்லை.

"அவனுக்கு நீங்க சொன்னது கேக்கல அண்ணாச்சி. கடைசியா நம்மகிட்டப் பேசினப்பவே வளையத்துல புகை வந்து, அவன் செட்டு போயிருச்சு. பையில போட்டுக் கட்டிட்டானாம்."

"ஒரு வார்த்தை கூடவா?"

"ஒரு வார்த்தை கூட இல்ல."

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, காற்று மட்டும் வருகிற குரலில், "பொறவு ஏன் இறங்கல?" என்று கேட்டார்.

"அவன் பொண்டாட்டி மாட்டேன்னுட்டாளாம். எல்லாரும் ரெடியா நிக்காவ, இவ மட்டும் புள்ளையைத் தூக்கிக்கிட்டு மேல ஏறிப் பாறையில உக்காந்துட்டா. அவ அப்பா திட்டியிருக்காரு, இவன் கையைப் புடிச்சு இழுத்திருக்கான். அசையலையாம். அவளை விட்டுட்டு எப்படிப் போக? எல்லாரும் ஏசிக்கிட்டே நின்னிருக்காவ. அப்பந்தான் தண்ணி வந்துச்சாம். கயித்தைக் கட்டியிருந்த மருத மரத்தையே காணோம்."

"எதைப் பாத்து பயந்தா?"

"ஒண்ணையும் பாக்கல. தண்ணி முட்டளவுதான் கெடந்துச்சாம். மழையும் விட்டிருந்துச்சு. சும்மா பயந்திருக்கா."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் முகம் அப்படி இறுக்கம் தளர்ந்து நான் பார்த்ததில்லை. செட்டு எரிந்தது, வளையம் போனது, கத்தியது வீணானது எதுவும் அவருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

"அந்தப் பொண்ண ஒரு நா கூட்டிட்டு வாம்மா. பாக்கணும்" என்றார். "நேத்து முச்சூடும் நான் ஒருத்தன்தான் பயந்துட்டுக் கெடக்கேன்னு நெனைச்சேன்."

நேற்று முழுக்க அவருக்கு அடுத்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இருப்பது ஒரே தம்பி. காபியைக் குடித்து முடித்தேன். "சரி அண்ணாச்சி, கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.